பத்தாயிரம் லிரா மஹர்

என் மஹர் பத்தாயிரம் லிரா. கள்ளக்குறிச்சியில் துருக்கிக் காசில் நிக்காஹ் முடித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, எரிச்சலாகச் சொல்கிறேனா என்று கேட்டால் இரண்டும்தான்.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவது. அது அவளுக்கு மட்டுமே சொந்தம். அம்மா வீட்டுக்கும் பங்கு கிடையாது, மாமியார் வீட்டுக்கும் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு பவுன், இரண்டு பவுன் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் என் மாமனார் உமர் பாரூக் எதையும் அவ்வளவு லேசில் முடிக்கிற ஆள் இல்லை. கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஒரு தூக்குவாளி விற்பதென்றாலும், கலெக்டர் வீட்டுக்குப் போன வாளியோடு கூடப் பிறந்த வாளி இது என்பார். அப்படிப்பட்டவருடைய மகன் அன்சர் இஸ்தான்புல் பக்கத்தில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். சும்மா இருப்பாரா மனுஷன்?

2016 ஜனவரியில் எங்கள் நிக்காஹ். அப்போது ஒரு லிரா இருபத்திரண்டு ரூபாய். துபாய் திர்ஹம் பதினெட்டுதான். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயில் இருந்தார்கள். மாமா ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"துபாய் காசு இன்னா பெரிய காசு? எங்க பையன் சம்பாரிக்கிறது அதுக்கு அண்ணன்!"

பள்ளிவாசலில் மஹர் எவ்வளவு என்று நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத் கேட்டபோது, மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமா மைக்கைப் பிடித்துவிட்டாராம். "பத்தாயிரம் லிரா!" கூட்டம் மனக்கணக்குப் போட்டது. அன்றைய விலைக்குப் பத்து பவுன். மாஷா அல்லாஹ் என்று எழுந்த சத்தம் பெண்கள் இருந்த அறை வரைக்கும் கேட்டது. என் அம்மா நூர்ஜகான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். பணத்தைக் கையில் தரவில்லை, பின்னால் தருவதாகப் பேச்சு. அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அதற்கப்புறம் லிரா இறங்க ஆரம்பித்தது. இறங்கியது, இறங்கியது, நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் இறங்கியது. அங்கே அன்சருக்குச் சம்பளத்தைக் கூட்டித்தான் கொடுத்தார்கள். கூட்டிய காசை ரொட்டியும் அறை வாடகையும் சாப்பிட்டன. மிச்சம் பிடித்து அனுப்புவது இங்கே வந்து சேரும்போது முன்பு வந்ததில் பாதி. அடுத்த வருஷம் அந்தப் பாதியிலும் பாதி. துபாயில் வேறு வேலை பாருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"இதுக்கு மேல எறங்காது ஜெபீனா. இப்ப வுட்டுட்டு போனா அத்தனையும் நஷ்டம்" என்பார். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சு. நம்பிக்கை வைத்தவனை அசைக்க முடியுமா?

இதில் ஊர்க்காரர்கள் கூத்து வேறு. டி.வி.யில் ரூபாய் வீழ்ச்சி என்று செய்தி வந்தால் துபாய் வீடுகளில் பிரியாணி. அவர்களுக்கு அது நியாயம். நம் ரூபாய் விழுந்தால் அவர்கள் திர்ஹத்துக்கு இன்னும் நாலு காசு கூட வரும். மாடி மேல் மாடி எழும்பியது. ஆனால் அந்தப் பெண்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து, "ரூபா உழுந்துடுச்சாம், உனக்கும் இந்த மாசம் ஜாஸ்தி வந்திருக்குமே" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். வெளிநாடு என்றால் எல்லாம் ஒரே நாடு, எல்லாக் காசும் ஒரே காசு என்று நினைப்பு. ரூபாய் ஒரு படி விழுந்தால் லிரா பத்துப் படி விழுகிறது என்று நான் யாரிடம் விளக்குவது? சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். பணம் குறைந்ததைப் பார்த்து, அன்சர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றும் பேச்சு கிளம்பியது. வீடியோ காலில் நேரடியாகவே கேட்டேன். அவர் போனைத் திருப்பித் தட்டைக் காட்டினார். காய்ந்த ரொட்டி, இரண்டு தக்காளி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. ஒரு மனுஷன் அதே நெருப்பின் முன்னால் அதே கையோடு அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறான், அவனுடைய உழைப்பு மட்டும் எப்படி வருஷா வருஷம் சிறுத்துப்போகலாம் என்ற கோபம். அதை யார் மேல் காட்டுவது?

அந்தச் சமயத்தில்தான் வெள்ளச்சி அக்கா வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி அவளுக்கு ஊர். இரண்டு மூட்டை சாமை விற்கக் கீழே இறங்கியவள், அப்படியே அண்டா ஒன்று வாங்கலாம் என்று மாமா கடைக்கு வந்தாள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். தானிய வியாபாரி சொன்ன விலைக்கு இரண்டு மூட்டையையும் கொடுத்தாலும் அண்டாவுக்குப் பற்றாது.

"மலைய வுட்டு எறங்குனா எங்க சாமைக்கு வெல கம்மி. அதையே கடைல வாங்க போனா வெல ஜாஸ்தி. நடுவுல இன்னாதான் நடக்குது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் காசும் வழியில் அப்படித்தான் ஆகிறது என்றேன். மூட்டைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போ, விற்றுவிட்டுக் காசு தருகிறேன் என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. வெள்ளச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடிப்போற மூஞ்சியா தெரியல. வச்சுக்க தங்கச்சி."

ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசிதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் சாமையில் காய்ச்சினேன். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் அதேதான், அரிசி மட்டும் மாறியது. தெருவில் சர்க்கரை இல்லாத வீடே இல்லை. ஒரு செம்பு கஞ்சி குடித்துப் பார்த்த பெண்கள் மறுநாளே படியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பெருநாள் வருவதற்குள் வெள்ளச்சி நாலு தடவை மலையிலிருந்து மூட்டை இறக்கினாள். அடுத்த ரமலானுக்கு முன்னால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அய்யப்பன் அண்ணன் கட்டடத்தில் ஒரு கடை பிடித்தேன். முன்பணம் முழுக்கச் சாமை விற்ற காசு. "ஜெபீனா மலைச்சரக்கு" என்று போர்டு. சாமை, தினை, புளி, கடுக்காய், தேன். எடை போட்ட கையோடு மலைக்காரர்களுக்குப் பணம். மகள் ஷிரினுக்குப் பள்ளிக்கூடச் செலவு, மாமாவுக்கு மாத்திரை, வீட்டுக் கரண்டு பில், எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான். மலைக்குப் போகிற கண்டக்டர் என்னைப் பார்த்தால் ஓனரம்மா என்று சீட்டு ஒதுக்குவார். அப்படிக் கூப்பிடும்போது எனக்குப் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும் மாமாவுக்கு விற்கப் புதுக் கதை கிடைத்தது.

"கடை எங்க மஹர் காசுல வெச்சது. பத்தாயிரம் லிரா, சும்மாவா?"

முதலில் விட்டுவிட்டேன். வயசானவர், பேசிவிட்டுப் போகட்டும் என்று. ஊரே நம்பியது. என் சொந்த அம்மாவே நம்பினாள்.

போன வருஷம் அன்சருடைய வேலை முடிந்தது. மொத்தமாக ஊருக்கு வருவதாகச் சொன்னார். அந்த வாரமே பெயின்டர் சரத்குமார் டேப்போடு கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினான்.

"இன்னாப்பா பண்ற?"

"புது போர்டுக்கு அளவுக்கா. அன்சர் டிரேடர்ஸ்னு எழுத சொல்லி பாய் அட்வான்ஸ் குடுத்துட்டாரு."

கையிலிருந்த புளியை அப்படியே போட்டுவிட்டுப் பாத்திரக் கடைக்குப் போனேன். மாமா முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"ஆம்பள வந்துக்கினு இருக்கான். கல்லாவுல அவன் உக்காரட்டும், நீ வூட்ல ரெஸ்ட் எடும்மா. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் ஹஜ்ரத்த கூட்டினு வந்து துஆ ஓதி ஒக்கார வெச்சிடலாம்."

"அது என் கடை மாமா."

"யாரு இல்லன்னது? எங்க மஹர் காசுல வெச்ச கடைதானே?"

"மஹர் எப்ப மாமா குடுத்தீங்க?"

"சபையில சொல்லியாச்சு இல்ல? சபையில சொன்னா குடுத்த மாதிரிதான்!"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். கடைவீதியில் நின்று மாமனாரோடு சண்டை போட்டால் நாளைக்குச் சாமை வாங்க வருகிறவர்கள் சண்டையை விசாரிக்க வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு அன்சர் இறங்கினார். ஒரே ஒரு பெட்டி. தாடியில் பாதி வெளுத்திருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"உன் மஹர் கொண்டாந்திருக்கேன். பத்தாயிரம் லிரா, தனியா எடுத்து வெச்சது. ஆனா அத உன் கையில குடுக்க எனக்கு வெக்கமா இருக்குது. இன்னிக்கி வெலைக்கி இருபத்தோராயிரம் ரூபா தேறும். கால் பவுனுக்கே இழுபறி. துபாய்ல இருக்கிற சிநேகிதன்கிட்ட கடன் கேட்டிருக்கேன். அன்னிக்கி மதிப்புக்கு பத்து பவுனா வாங்கி போட்டுடறேன்."

ரொட்டியும் தக்காளியும் தின்ற மனுஷன் இதை ஒதுக்கி வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, நானே கேட்டதில்லை. இந்த ஆளைக் கட்டிக்கொண்டதற்கு நான் ஒரு நாளும் தலைகுனிய வேண்டியதில்லை என்று அந்த டீக்கடை வாசலில் தோன்றியது.

"பத்து பவுன் வேணாங்க. சொன்னத மட்டும் குடுங்க. லிராவாவே குடுங்க. வெள்ளிக்கிழம கடைல, உங்க அத்தா கூட்டினு வர்ற பெரியவங்க முன்னாடி குடுங்க" என்றேன்.

போர்டு விஷயம், மாமா பரப்பிய கதை, எல்லாவற்றையும் சொன்னேன். மஹர் இன்றைக்குத்தான் கொடுபடுகிறது, அதுவும் இவ்வளவுதான் என்று நாலு பேர் கண்ணால் பார்த்தால் கடை யார் காசு என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாறாகப் பத்து பவுனை நான் வாங்கிக்கொண்டால், இவ்வளவு தருகிறவர்கள்தான் கடையையும் வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று மாமா சொன்னது உண்மையாகிவிடும்.

அன்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் சிரிப்பாங்க ஜெபீனா. பத்து வருஷம் வெளிநாட்ல இருந்துட்டு கால் பவுன் கொண்டாந்தான்னு. அத்தா தல குனிஞ்சிடுவாரு."

"அவரு குனிய கூடாதுன்னு நான் கடைய வுட்டுட்டு குனியணுமாங்க?"

கள்ளக்குறிச்சி வரும் வரைக்கும் அவர் பஸ் ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் ஷிரினைத் தூக்கிக் கொஞ்சினார், தன் அத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதார், என்னிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தான் சிறுத்துப்போனதை ஊர் முன்னால் எண்ணிக் காட்டு என்று ஒரு ஆண்பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு நியாயம் இல்லை. ஆனால் கடை போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஹஜ்ரத்தும் ஜமாஅத் பெரியவர்கள் சிலரும் வந்தார்கள். கட்டடக்காரர் என்ற முறையில் அய்யப்பன் அண்ணனையும் மாமா அழைத்திருந்தார். வாசலில் புது போர்டு துணி சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் சரத்குமார். மாமா சட்டையில் அத்தர் வாசனை, கையில் லட்டு டப்பா. வெள்ளச்சி அப்போதுதான் புளி மூட்டையோடு வந்து இறங்கியிருந்தாள், என்ன கூட்டம் என்று ஓரமாக நின்றாள்.

"வாடா அன்சர், பிஸ்மி சொல்லி உக்காரு" என்று மாமா நாற்காலியைக் காட்டினார். என் நாற்காலி.

அன்சர் கல்லாவை நோக்கி நடந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"ஹஜ்ரத், துஆவுக்கு முன்னாடி ஒரு வேல பாக்கி இருக்குது. ஜெபீனாவுக்கு நான் மஹர் இன்னும் குடுக்கல. இப்ப குடுக்கறேன், எல்லாரும் சாட்சி."

"டேய், இன்னாடா பேசற?" என்றார் மாமா.

"நெஜத்த பேசறேன் அத்தா. இந்நாள் வரைக்கும் ஒத்த லிரா கூட குடுக்கல."

நோட்டுகளை மேசை மேல் பரப்பினார். பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யப்பன் அண்ணன்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"நம்ப ரூபாயில எவ்ளோ வருங்க?"

அன்சர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இருபத்தோராயிரம். அன்னிக்கி ரெண்டே கால் லட்சம். நான் அங்க வேல செய்ய செய்ய காசு கரைஞ்சி போச்சு. இதுதான் மிச்சம், இதுதான் நான் சொன்ன மஹர். ஜெபீனா கேட்டா கொறைஞ்சதுக்கு மேல போட்டு தரவும் எனக்கு சம்மதம்."

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஹஜ்ரத் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். வெள்ளச்சிக்கு லிராவும் தெரியாது, மஹரும் தெரியாது. அவளுக்குப் பட்டதைக் கேட்டாள்.

"அப்ப இந்த கடைய இன்னா காசுல வெச்ச தங்கச்சி?"

"உன் சாமையிலக்கா. நீ வெச்சுட்டு போன ரெண்டு மூட்டையில."

"எங்கிட்ட குடுத்த முன்பணம் பூரா பத்து ரூபா, இருபது ரூபா நோட்டுதான், எண்ணி முடிக்கவே அரை நாளாச்சு" என்று அய்யப்பன் அண்ணன் மெல்லச் சொன்னார். ஹஜ்ரத் என் பக்கம் திரும்பினார்.

"சொன்ன மஹர் வந்திருக்கும்மா. மதிப்பு கொறைஞ்சதுக்கு மேல போட்டு தரவும் உன் வீட்டுக்காரரு சம்மதம்னு சொன்னாரு. உனக்கு எது இஷ்டம்?"

"சொன்னது போதும் ஹஜ்ரத். முழுசா வாங்கிக்கினேன்."

நோட்டுகளை அடுக்கி எடுத்தேன். பத்து பவுனைக் கழுத்தில் போட்டிருந்தாலும் அன்றைக்கு இருந்த மாதிரி நான் நிமிர்ந்து நின்றிருக்க மாட்டேன். அன்சரைப் பார்த்தேன். கூனிக் குறுகி நிற்பார் என்று பயந்தேன். அவரோ பாரம் இறக்கிய ஆள் போல நின்றார்.

மாமாதான் உடைந்துபோனார். லட்டு டப்பாவோடு புளி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மனசு கனத்தது. பொய் பேசுகிற மனுஷன் இல்லை அவர், பெருமை பேசுகிற மனுஷன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஏம்மா, நெஜமாவே எங்க காசு ஒத்த ரூபா இல்லாமயா கடை வெச்சே?"

"ஒத்த ரூபா இல்ல மாமா."

கடையைச் சுற்றிப் பார்த்தார். ஆயுசு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்த கண், ஒவ்வொரு அலமாரியாகப் போய் வந்தது. பிறகு எழுந்தார். பெரியவர்கள் பக்கம் திரும்பியபோது அவர் குரலில் பழைய மைக் வந்துவிட்டிருந்தது.

"பாத்தீங்களா? வெறுங்கையில வெச்ச கடை! இந்த கள்ளக்குறிச்சில எவன் வூட்லயாவது இப்படி ஒரு மருமவ இருக்காளா? டேய் சரத்து, அந்த போர்ட அப்படியே எட்த்துனு போ, துணிய பிரிக்காத!"

ஒரு பெருமை கைவிட்டுப் போனால் அவருக்கு உடனே இன்னொன்று வேண்டும், அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே துஆ ஓதினார். லட்டு வெள்ளச்சி வரைக்கும் போனது.

கூட்டம் கலைந்ததும் வெள்ளச்சி முந்தானையை உதறினாள்.

"வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாச்சு தங்கச்சி. களத்துல சாமைய கொட்டி வெச்சிருக்கோம். நீ வந்து பாத்தாதான் மூட்ட கட்டுவோம்."

பையை எடுத்தேன். கல்லாச் சாவி இடுப்பில் இருந்தது. அன்சர் இன்னும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல. மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்து அன்சர் கையில் வைத்தேன்.

"நான் மலைக்கி போய்ட்டு வரேன். கடைய பாத்துக்குங்க. உக்காருங்க."

"நானா? இதுலயா?"

"என் கடை, என் நாற்காலி. நான்தானே சொல்றேன், உக்காருங்க."

அன்சர் உட்கார்ந்தார். முதலில் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் தலையை ஆட்டிய பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டார்.